நகல் என்று போர்டு வைத்தவள்

ஜெராக்ஸ் கடைக்காரர்களின் ஆயுளில் பாதி மூடியைத் திறந்து மூடுவதில் போகிறது. மீதிப் பாதி, உள்ளே யாருடைய அசலையாவது விட்டுவிட்டோமா என்று நினைத்து நினைத்துப் பயப்படுவதில் போகிறது. இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சாப்பிட உட்கார்ந்து முதல் கவளத்தை எடுக்கும்போது, "அந்தச் சாதிச் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தேனா?" என்று கை அப்படியே நிற்குமே, அந்த வியாதி உங்களுக்கும் இருக்கும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் ஒன்பதாம் வகுப்புப் பாதியில் நின்றவள். எழுதப்போவதோ ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் அரபியில் பிறந்ததாம், பாரசீகத்தின் வழியாக நம் ஊருக்கு வந்ததாம், இந்தியில் அதற்கு ஒரு பொருளாம், தெலுங்கில் இன்னொன்றாம். எல்லாம் என் கடைக்கு வந்தவர்கள் சொன்னது, நான் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் தலையில் கட்டிவிடுவேனோ என்று இதை எழுத உட்காரும்போதே உள்ளங்கை வியர்க்கிறது. தப்பு ஏதாவது இருந்தால் அது என் காதினுடையது.

கடை பட்டுக்கோட்டையில், தாலுகா ஆபீசுக்கு எதிர்வரிசையில். போர்டில் 'கலா நகல் நிலையம்' என்று இருக்கும். கலா என் பெயர். நகல் என்று எழுதச் சொன்னது என் வீட்டுக்காரர். தாலுகா ஆபீசில் பட்டா, சிட்டா, அசல், நகல், ஜமாபந்தி என்றுதானே பேசுகிறார்கள், நாமும் அந்தப் பேச்சிலேயே இருந்துவிடுவோம் என்றார். எனக்கும் சரியென்று பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அசல் எது, நகல் எது என்று பார்க்க பதினோரு வருஷமாக நான் வைத்திருந்த முறை ஒன்றே ஒன்று. நம் பக்கத்தில் பத்திரம் பதிந்து வீட்டுக்கு வந்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். என் பழைய கறுப்பு மிஷினில் அந்த மஞ்சள் சாம்பல் நிறமாகத்தான் விழும். மஞ்சள் இருந்தால் அசல், சாம்பல் இருந்தால் நகல். போன தை மாதம் கலர் மிஷின் வாங்கினோம். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் செய்தேன். இதை மட்டும் யோசிக்கவில்லை.

சுக்தேவ் அட்டையை இழுத்துக்கொண்டது

நடவுக்கு இப்போது பீகாரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களைக் கூட்டி வருகிற மேஸ்திரி செல்வராசு ஒரு நாள் எட்டுப் பேரை என் கடைக்கு அழைத்து வந்தார். எல்லாருடைய ஆதார் அட்டைக்கும் ஒவ்வொரு பிரதி வேண்டும். முதலில் நின்றவர் பெயர் சுக்தேவ். என் வயதுதான் இருக்கும், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. அட்டையை நீட்டினார். "நகல் ஒண்ணு போதுமா?" என்று கேட்டுக்கொண்டே வாங்கினேன். அட்டையில் பாதி என் கையில், பாதி அவர் கையில். அவர் முகம் மாறிவிட்டது. வெடுக்கென்று இழுத்துச் சட்டைப்பைக்குள் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். பின்னால் நின்ற ஏழு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

செல்வராசு அவர்களிடம் இந்தியில் ஏதோ பேசிவிட்டு என்னிடம் திரும்பினார். அவர்கள் ஊரிலும் நகல் என்றால் பிரதிதானாம். ஆனால் முதலில் ஞாபகம் வருவது, பரீட்சையில் அடுத்தவன் தாளைப் பார்த்து எழுதுகிற நகல். நாம் காப்பி அடிக்கிறான் என்கிறோமே, அது. அதிலிருந்து வந்த நகலி என்றால் போலி. இவர்களோடு வேலை பார்த்த ஒருவனை, நகலி ஆதார் வைத்திருந்தான் என்று வேறொரு மாநிலத்தில் போலீஸ் பிடித்துக்கொண்டு போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களாம்.

இத்தனை வருஷமாக ஒரு பாஷைக்காரர்கள் காதுக்கு நான் போலி நிலையமா நடத்திக்கொண்டிருந்தேன்? "அவர் அட்டையை அவரே கண்ணாடி மேல வைக்கட்டும், அவரே எடுக்கட்டும்" என்றேன். வைத்தார். எடுத்தார். அட்டையையும் தாளையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். போகும்போது, தெரிந்த தமிழில் எனக்குப் புத்தி சொன்னார்: "அக்கா, ஜெராக்ஸ் சொல்லு. நகல் சொல்லாதே. போலீஸ் வரும்."

கவரிங் கடை ஜெயா

பக்கத்துக் கடை ஜெயா கவரிங் நகை விற்கிறவள். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நடந்ததைச் சொன்னால் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று போனது என் தப்பு. "எங்க வீட்டுலயும் அப்படித்தான். நகிலின்னா போலி. நகிலி டாக்டர், நகிலி மருந்து" என்று அடுக்கினாள். அதோடு விட்டாளா? பெங்களூரில் இருக்கிற அண்ணிக்குப் போன் போட்டு, கன்னடத்திலும் நகலி என்றால் போலிதான் என்பதை ஸ்பீக்கரில் எனக்குக் கேட்க வைத்தாள். அந்த நேரம் பார்த்து வளையல் வாங்க வந்த தஞ்சாவூர் அம்மா ஒருவர், மராட்டி பேசுகிறவர், அவர்கள் வீட்டில் அடுத்தவர் மாதிரி நடித்துக் காட்டிக் கேலி செய்வதற்குப் பெயர் நக்கல் என்றார். நாம் சொல்கிற நக்கலும் அதுவும் ஒன்றா என்று கேட்டேன். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் தெரியாது.

ஜெயாவிடம் ஒரு பழக்கம் உண்டு. தங்கமா கவரிங்கா என்று யாராவது ஒரு சங்கிலியைக் கொண்டுவந்தால் அவள் பார்க்கவே மாட்டாள். "கண்ணு ஏமாத்தும்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்துத்தான் சொல்வாள். அப்படிப்பட்டவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று, "போர்டுல அந்தச் சொல்லை மட்டும் பெயின்ட் வச்சு அழிச்சிடவா?" என்று கேட்டேன். "எதுக்கு? நான் நகிலின்னு சொல்லித்தானே விக்கிறேன். உன்னைப் புடிக்க ஜீப்பு வந்தா எனக்கும் ஒரு சீட்டு போட்டு வை, ஒண்ணாப் போவோம்."

லாரி ஓட்டியவர்

நைனா முகமது பாய் இருபது வருஷம் சவுதியில் கனரக லாரி ஓட்டிவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். பழைய பாஸ்போர்ட்டின் பக்கங்களைப் பிரதி எடுக்க வந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது என் போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் தனக்குள் சிரித்தார். ஏற்கெனவே மூன்று மொழிக்காரர்களிடம் அடி வாங்கியவள் நான். "நீங்களும் போலின்னு சொல்லிடாதீங்க பாய்" என்றேன்.

"அதெல்லாம் இல்ல தங்கச்சி. இது எங்க லாரி நம்பர் பலகையிலேயே எழுதியிருக்கும்" என்றார். அரபியில் நகல் என்றால் ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போவதாம். சரக்கு ஏற்றிப் போவது நகல், வீடு மாறுவது நகல். ஒரு தாளில் இருக்கிற எழுத்து இன்னொரு தாளுக்குப் போவதும் ஒரு வகை இடமாற்றம்தான் என்று பிரதிக்கும் அந்தப் பெயர் வந்திருக்க வேண்டும் என்றார். அங்கே வேலைக்குப் போன நம் ஊர் ஆட்களுக்குத் தூக்கத்திலும் மறக்காத சொல் நகல் கபாலாவாம். வேலைக்கு எடுத்த முதலாளிக்கு கபீல் என்று பெயர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வேறொரு கபீலிடம் மாறலாம். அந்த மாற்றம்தான் நகல் கபாலா. அதற்காக பாய் இரண்டு வருஷம் காத்துக்கிடந்திருக்கிறார். பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்ட முதல் கபீல் போனையே எடுக்க மாட்டாராம்.

நான் அந்தக் கதையில் வாயைப் பிளந்துகொண்டு, பிரதிகளை அடுக்கி, பின் அடித்து, கவரில் போட்டுக் கொடுத்தேன். பாய் வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை. மூடியிருந்த மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார். மூடியைத் தூக்கினேன். பாஸ்போர்ட் கண்ணாடி மேல் குப்புறக் கிடந்தது. "நகல் முடிஞ்சிடுச்சு தங்கச்சி. ஆனா ஆளு இன்னும் பழைய கபீல்கிட்டயே மாட்டிக்கிட்டுக் கெடக்கான்."

பெயர் சொல்ல வேண்டாம் என்றவர்

மதரசாவில் பாடம் நடத்துகிற ஹஜ்ரத் ஒருவர் வினாத்தாள் எடுக்க வருவார். கடைசித் தாள் வெளியே வரும்வரை மிஷினை விட்டு அசைய மாட்டார். நான் மறந்துபோய் ஒரு வரியைப் படித்துவிட்டால்கூடத் தொண்டையைச் செருமுவார். அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அசலும் நகலும் இரண்டும் அரபிதான் என்றார். அஸ்ல் என்றால் வேர். நகல் என்றால் பாய் சொன்ன அதே பொருள், எடுத்துச் செல்வது. ஒருவர் வாயால் கேட்டதை மாற்றாமல் இன்னொருவருக்குச் சொல்வதும் நகல்தானாம். அந்தச் சொல் பாரசீகத்துக்குப் போனபோது கதை சொல்வதற்கே அந்தப் பெயர் வந்துவிட்டதாம். ஊர் கூட்டி வைத்துக் கதை சொல்கிறவர் நக்கால்.

எனக்குப் பயம் அதிகமாகிவிட்டது. அப்படியானால் வாயைத் திறந்து நாலு பேரிடம் எதையாவது சொல்கிற ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலும் அசலை எங்கேயாவது விட்டுவிடுவேனே. "இதையெல்லாம் நான் எழுதலாமா ஹஜ்ரத்?" என்று கேட்டேன். "கேட்டதைக் கேட்டபடி எழுதினா நகல். ஒரு சொல்லு கூட்டினா அது உங்க சரக்கும்மா, என் பேரை அதுல போடாதீங்க."

நாலு மூலை மஞ்சள்

பயந்தது ஆனி மாதம் நடந்தது. இந்திராணி அக்கா பேராவூரணிப் பக்கத்து ஊர்க்காரர். அவருடைய அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் இறங்கி வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் மூன்று மா நிலம் தன் பெயரில் வாங்கினார். அந்தக் குடும்பம் கண்ட முதல் பத்திரம் அதுதான். ஒரே மகளான இந்திராணி அக்காவுக்கு வந்த அந்த நிலத்தை, அவர் இப்போது தன் மகள் சுதாவுக்கு எழுதி வைக்க முடிவு செய்திருந்தார். சுதா சென்னையில் நர்ஸ். வெள்ளிக்கிழமை பதிவு என்று டோக்கன் வாங்கியாகிவிட்டது. திங்கட்கிழமை மஞ்சள் பையோடு வந்தார். பத்திரம் எழுதுகிறவருக்கு ஒன்று, சுதாவுக்குக் கூரியரில் அனுப்ப ஒன்று, ஆக இரண்டு வேண்டும். "நல்லாத் தெளிவா இருக்கணும் கலா" என்றார்.

எனக்கு அன்றைக்குப் பெருமை பிடித்துவிட்டது. கலர் மிஷினில், தடித்த தாளில், இரண்டு பக்கமும் எடுத்தேன். குண்டூசியின் துரு முதற்கொண்டு அப்படியே விழுந்தது. நாலு மூலை மஞ்சளும் விழுந்தது. மேஜையில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. யாரோ விலை கேட்டார்கள், பதில் சொல்லிவிட்டுத் திரும்பினேன். "அசல் எது அக்கா?" என்றேன். "மஞ்சள் வச்சது" என்றார். மஞ்சள் வைத்தது ஒன்றை எடுத்து அவர் பைக்குள் வைத்தேன். மற்ற இரண்டையும் கவரில் போட்டேன். எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்றும் உறைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் அதே பையோடு வந்து நின்றார். பத்திரம் எழுதுகிறவர் அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்துவிட்டு, இது அசல் இல்லை, மூலப்பத்திரம் இல்லாமல் வெள்ளிக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். தொலைந்துபோயிருந்தால் போலீசில் எழுதிக் கொடுக்க வேண்டும், பேப்பரில் விளம்பரம் போட வேண்டும், எத்தனை மாதம் இழுக்குமோ தெரியாதாம். திட்டினாலாவது தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. பையைக் கவுண்டர் மேல் வைத்து மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது கலா. அவரு கைரேகை இருக்கிறது அந்தத் தாள்ல மட்டுந்தான்."

ஈர விரல்

மூடியைத் தூக்கினேன், வெறும் கண்ணாடி. மேஜைக்கு அடியில், தாள் கட்டுகளுக்கு நடுவில், குப்பைக் கூடையில் எல்லாம் தேடினேன். பத்திரம் எழுதுகிறவரிடம் ஓடி அவரிடம் இருந்ததையும் வாங்கிவந்தேன். அது ஒன்று, பையில் இருந்தது ஒன்று. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். மஞ்சள் அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. நான் இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு பக்கத்துக் கடையிலிருந்து ஜெயா எழுந்து வந்தாள். "கண்ணால பாக்காதே" என்றாள். தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து முதல் தாளின் மூலையில் தேய்த்தாள். விரல் வெறுமையாக இருந்தது. இரண்டாவதில் தேய்த்தாள். அதிலும் ஒட்டவில்லை. மிச்சம் இருப்பது சென்னைக்குப் போனது.

இந்திராணி அக்கா மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். கூரியர் நேற்றே வந்துவிட்டதாம். ஒரு விரலை ஈரமாக்கி மஞ்சளைத் தொட்டுப் பார் என்றார். "எதுக்கும்மா?" "தொடுடி." குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. நான் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "அம்மா, விரல்ல ஒட்டுதும்மா" என்று கேட்டது. இந்திராணி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டார். "நகல்தானேன்னு ரைஸ் குக்கருக்கு அடியில போட்டிருந்தேன்." நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

சுதா வியாழக்கிழமை காலையிலேயே பத்திரத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். கடைசித் தாளின் பின்பக்கம் லேசாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. கைரேகை இருந்த தாள் நடுவில் பத்திரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பதிவு முடிந்து, அம்மாவும் மகளும் அல்வாப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். இந்திராணி அக்கா கையமர்த்தினார்: "உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. எங்கப்பா மஞ்சள் தடவினாரு, உன் மிஷினும் அதைப் பாத்துத் தடவிடுச்சு."

இப்போது

அடுத்த திங்கட்கிழமையே சில ஏற்பாடுகள் செய்துகொண்டேன். பத்திரம் என்றால் கலர் கிடையாது, கறுப்புதான்; கெஞ்சினாலும் கிடையாது. வெளியே வருகிற ஒவ்வொரு தாளிலும் ஊதா மையில் 'நகல்' என்று முத்திரை குத்துகிறேன். சுக்தேவ் செய்த மாதிரி, அவரவர் அசலை அவரவரே கண்ணாடி மேல் வைத்து அவரவரே எடுக்க வேண்டும். என் விரல் அதில் படுவதில்லை. கவுண்டரில் ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு இருக்கிறது. மஞ்சள் தடவிய பத்திரத்தைப் பைக்குள் வைப்பதற்கு முன் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சிலர் அதைத் தாள் எண்ணுவதற்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பீகார்க்காரர்கள் வந்தால் ஜெராக்ஸ் என்கிறேன். போர்டை அழிக்கவில்லை; வேறு என்ன எழுதுவது, அதற்கு எந்த ஊரில் என்ன பொருளோ.

யார் எந்த ஊரில் அதற்கு என்ன பொருள் வைத்துக்கொண்டாலும் சரி, கலா நகல் நிலையத்தில் நகல் என்றால், பூட்டிய ஷட்டரை மறுபடி பாதி தூக்கி, குனிந்து உள்ளே போய், மிஷின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வருவது என்று அர்த்தம்.